பெட்டி வழியாக ஒரு குரல்

பாடுகிறவர் தொண்டையைச் செருமுவதற்குள் நோயல் ஃபிரிட்ஜை அணைத்துவிடுவார். அடுத்தது மின்விசிறி. பிறகு ஒரு கையைத் தூக்கியபடி நிற்பார். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி தெருமுனையைத் தாண்டினால்தான் கை இறங்கும். ராயபுரத்தில் அவர் வீட்டு முன்னறைதான் ஒலிப்பதிவுக்கூடம். சுவரெல்லாம் பழைய மெத்தை. பகலில் ரயில்வே வேலை. மாலையானால் கானா பாடுகிறவர்கள், கோயில் பாடகர் குழு, கட்சிப் பாட்டுக்காரர்கள் எல்லாரும் அந்த மெத்தைகளுக்கு நடுவேதான் வியர்ப்பார்கள்.

குரல் ஏறும்போது அடக்கி, இறங்கும்போது தூக்கிவிடுகிற கம்ப்ரஸர் அவரிடம் இரண்டு விதமாக உண்டு. ஒன்று கம்ப்யூட்டருக்குள் இருப்பது. குரலை உள்ளபடியே எடுத்துக்கொண்டு அப்புறம் அடக்கலாம். பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்கலாம். மற்றது இரும்புப் பெட்டி. பாடும்போதே குரல் அதற்குள் புகுந்துதான் பதிவாகும். அடங்கியது அடங்கியதுதான்.

"பெட்டி பேஜாரு மாமு. நீ பாடிட்டுப் போ, நான் அப்பால பாத்துக்கறேன்" என்பார், வருகிற எல்லோரிடமும்.

அன்று அந்தப் பெட்டியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார். பாட வந்தவள் அவர் மனைவி, என் அக்கா ஆன்சி. பெரிய வெள்ளிதோறும் கோயிலில் மாதாவின் புலம்பலைப் பாடுகிறவள். திங்கட்கிழமை அவளுக்குத் தைராய்டு அறுவைச் சிகிச்சை. குரல் மாறிப்போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை தொண்டையைச் சிரமப்படுத்தக் கூடாது என்றும்.

"கம்ப்யூட்டர்லயே எடுங்க மாமா. தப்பாப் போனா திருத்திக்கலாமே" என்றேன். நான் டொராண்டோவிலிருந்து வந்ததே அக்கா குரலைப் பற்றிய கவலையோடுதான்.

"அவ காதுக்கு இன்னா வழி மச்சான்? மெதுவாப் பாடற எடம் ஹெட்போன்ல எழும்பாது. கேக்கலன்னு கத்துவா. கம்ப்யூட்டரு வழியா காதுக்குக் குடுத்தா லேட்டா வருது, பழைய மிஷினு. பெட்டில பாடுனா மூச்சு வுட்டாலே கேக்கும்."

பெட்டி வழியாக ஒன்று, உள்ளபடியே ஒன்று என்று இரண்டையும் சேர்த்து எடுக்கவும் வழியில்லை. பதிவுக் கருவியில் இருந்த இரண்டு மைக் துளைகளில் ஒன்று கடல்காற்றில் துருவேறிச் செத்திருந்தது.

"இன்னாபா, மச்சானும் மாமனும் மாநாடு நடத்திகினு கீறீங்க? நான் பாடட்டா, வூட்டு வேலையப் பாக்கட்டா?" என்றாள் அக்கா.

பாடினாள். தன் குரல் காதருகே வந்து நின்றதும் அவள் தோள்கள் தளர்ந்தன. முணுமுணுப்பாகவே பாடிக்கொண்டு போனாள். மகனைக் கூப்பிடுகிற இடத்தில் மட்டும் தன்னை மறந்து கூவிவிட்டாள். பெட்டியில் அடக்குகிற அளவைக் காட்டும் முள் ஒரேயடியாகச் சாய்ந்தது. நோயல் குமிழைத் தொடுவதற்குள் அந்தக் கூவல் நசுங்கிப் பதிவாகிவிட்டது.

முடிந்ததும் போட்டுக் கேட்டோம். அந்த இடம் வந்தபோது நோயல் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அங்க மட்டும் ஒரு மாதிரி அமுங்கிக் கீதே?" அக்கா கழுத்தைத் தடவிக்கொண்டாள். "இன்னொரு தபா பாடட்டா?"

"அதெல்லாம் ஷோக்கா வந்துகீது" என்றார் நோயல். அவள் எழுந்து வருவதற்குள் மைக்கைக் கழற்றி, ஒயரைச் சுற்றத் தொடங்கியிருந்தார்.