லூர்துமேரி அக்காவின் எஞ்சின் விளக்கு

ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கு எதிரே லூர்துமேரி அக்காவின் பிக்கப் வண்டி நிற்கும். தங்கவயலில் பிறந்தவர். கணவர் இறந்ததும் வண்டியை விற்கச் சொன்ன சொந்தக்காரர்களை வாசலோடு அனுப்பிவிட்டு, லைசென்ஸ் எடுத்துத் தானே ஓட்டத் தொடங்கினார். ஒரு சமையல்கூடத்திலிருந்து பள்ளிகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை. ஊர் ஊராகச் சுற்றித் திரும்பிய எனக்கு வீட்டில் கால் தரிக்காது, அவரோடு ஏறிக்கொள்வேன்.

அந்த வாரம் டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை. சமையல்கூடத்து சூப்பர்வைசர் தருண் சொல்லிவிட்டான்: "ஆன்ட்டி, நாளைக்கும் லைட் எரிஞ்சா லோடு வேற வண்டிக்கு. உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

அடுகோடி ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் அப்பாதுரை, கோளாறைக் காட்டும் ஸ்கேனரை வண்டியில் சொருகினான். காற்றை அளக்கும் சென்சாரில் கோளாறு என்று காட்டியது. இதே விளக்குக்காக அதை அவனே முந்தாநாள்தான் புதிதாக மாற்றியிருந்தான்.

"அப்போ எஞ்சின் கம்ப்யூட்டரே போச்சுக்கா. இல்லாட்டி லைட்டு மேல கறுப்பு டேப் ஒட்டிடறேன். தருணுக்கு இன்னா தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல? புள்ளைங்க சோத்த ஏத்திக்கினு நடு மேட்டுல நிக்கவா? பழைய சென்சாரும் அதையேதான் சொல்லிச்சு, புதுசும் அதையே சொல்லுது. ஒயரைப் பாரு."

"நேரமாவும்."

"ஆவட்டும். நான் எங்கியும் போகல."

எஞ்சின் ஓடும்போதே அப்பாதுரை சென்சார் ஒயரை அசைத்தான். எஞ்சின் திணறியது. இணைப்பைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு. ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் குழைந்த சேறு.

ஆயுத பூஜை! அன்று எஞ்சின் மேலெல்லாம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, மூலை முடுக்கெல்லாம் பொட்டு வைக்கச் சொன்னது அக்காவேதான்.

"முன்னால மாதா படம், உள்ள குங்குமம். நல்லா இருக்குக்கா!"

"ரோட்டுல நான் ஒருத்தி. துணைக்கு எல்லாரும் வரட்டும். நீ சுத்தம் பண்ணு."

துலக்கிக் காயவைத்து, ஸ்கேனரில் பதிவாகியிருந்த கோளாறை அழித்தான். விளக்கு அணைந்தது. அக்காவுக்கு அது போதவில்லை. ஓசூர் ரோட்டு மேம்பாலத்தில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினோம். வண்டி இழுத்தது, விளக்கு எரியவில்லை.

மறுநாள் சமையல்கூட வாசலில் வேறொரு வண்டி லோடுக்கு நின்றது. அக்கா தன் வண்டியை அதற்குக் குறுக்கே விட்டு, எஞ்சினை அணைக்காமல் கதவைத் திறந்தார்.

"ஏறி உக்காந்து பாரு தருண். லைட் எரிஞ்சாதானே வேற வண்டி?"

அவன் எட்டிப் பார்த்தான். "அந்த டிரைவருக்குச் சொல்லிட்டேனே ஆன்ட்டி..."

"இப்போ போகச் சொல்லு."

மற்ற வண்டி ஹாரன் அடித்தது. அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு இருக்கையில் சாய்ந்தார். தருண் தலையைச் சொறிந்துகொண்டே அந்த டிரைவரிடம் போனான். சாம்பார் அண்டா எங்கள் வண்டியில்தான் ஏறியது.