வெடி கேட்டால் காலண்டர்

இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் தகவலைக் கடத்துவது என் பிழைப்பு. எந்தப் பக்கம் தப்பு நடந்தாலும் திட்டு நடுவில் இருப்பவனுக்குத்தான் என்பது இதே வேலையில் வதைபடும் உங்களுக்குத் தெரியாததல்ல.

விருதுநகரில், பட்டாசும் காலண்டரும் போடுகிற ஒரு கம்பெனி. கிளைகளில் ஆர்டரை டைப் செய்வார்கள். 'வகை' என்ற கட்டத்தில் 'வெடி' என்றிருந்தால் வெடி குடோனுக்கு, 'மத்தாப்பு' என்றிருந்தால் மத்தாப்பு குடோனுக்கு, இரண்டும் இல்லையென்றால் காலண்டர் அச்சகத்துக்கு என்று என் புரோகிராம் பிரித்து அனுப்பும்.

நிற்கக் கூடாது

புரியாத ஆர்டரைத் தனியாக நிறுத்தி வைத்து, ஆளைக் கேட்டுவிட்டு அனுப்பலாம் என்று முதலாளி அண்ணாச்சியிடம் ஆரம்பத்திலேயே தலைபாடாக அடித்துக்கொண்டேன். சீசனில் ஆர்டர் நின்றால் அபசகுனமாம். வெடியும் இல்லை, மத்தாப்பும் இல்லை என்றால் பாக்கி காலண்டர்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்றார். என்றைக்காவது மாட்டும் என்று முணுமுணுத்தேன். "ஏலே, நம்ம கம்பெனியில லோடும் நிக்கக் கூடாது, ஆர்டரும் நிக்கக் கூடாது. ஓட விடு."

கண்ணுக்குத் தெரியாத இடைவெளி

மல்லாங்கிணறு கிளையில் யாரோ 'வெடி' என்று அடித்து, பின்னால் ஒரு ஸ்பேஸையும் தட்டிவிட்டார்கள். மனுசக் கண்ணுக்கு அது வெடி. கம்ப்யூட்டருக்கு அது வெடி இல்லை. சரவெடி ஆர்டர் நேராக அச்சகத்துக்குப் போய்விட்டது. இனி முன்னும் பின்னும் கிடக்கும் இடைவெளியை வெட்டிவிடும்படி மாற்றி எழுதினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. நல்லவேளை, அச்சக மேஸ்திரி சுடலை எனக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தார். "சார், சரவெடி அடிக்கச் சொல்லி வந்திருக்கு. எத்தன கலர்னு போடலியே?"

மொட்டை ஆர்டர்

தீபாவளி வாரம். காரியாபட்டியில் பட்டாசுக் கடை போடும் பாண்டீஸ்வரி அக்கா கூப்பிட்டார். வெடி கேட்டவருக்கு வண்டி நிறைய அடுத்த வருஷக் காலண்டர் இறங்கியிருக்கிறது. போன தடவை கேள்வி கேட்டதற்கு அண்ணாச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சுடலை, இந்தத் தடவை வாயே திறக்காமல் காலண்டரைக் கட்டி அனுப்பிவிட்டார். அவரைச் சொல்லி என்ன?

ஆர்டரைத் திறந்து பார்த்தேன். வகை: 'உ வெடி'. பிள்ளையார் சுழி! ஆடிப்பெருக்கன்று பூஜை முடிந்த கையோடு, சீசனின் முதல் ஆர்டராக, தீபாவளி வாரம் இறக்க வேண்டிய அக்காவுடையதைத்தான் காரியாபட்டிக் கிளை கிளார்க் கணேசன் போட்டிருக்கிறார். திரையில் முதல் கட்டம் 'வகை'. சுழியை அதிலேயே போட்டுவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கம்ப்யூட்டருக்கு எதற்கய்யா சுழி என்று போனில் கத்தினேன். மனிதர் அசரவே இல்லை. "சீசனோட முத ஆர்டர மொட்டையா அடிச்சா வெளங்குமா சார்?"

யார் நிறுத்துவது?

வெடி குடோனுக்கு ஓடினேன். துடைத்து வைத்த மாதிரி காலி. அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். அக்காவின் கடைக்கு உரிமம் தீபாவளி வரைக்கும்தான், வருஷத்துக்கே அந்த ஒரு வியாபாரம்தான் என்றேன். ஓட விடச் சொன்னது நீங்கள்தானே என்றும் கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தெரியாத ஆர்டருன்னா நிப்பாட்டி வச்சுக் கேக்க வேண்டியதுதானலே? இதக்கூடவா நாஞ் சொல்லணும்?"

சிவப்பு மை

மத்தாப்பு குடோனில் மிச்சம் கிடந்த கம்பி மத்தாப்பை வேனில் ஏற்றிக்கொண்டு காரியாபட்டிக்கு நானே போனேன். தகரக் கொட்டகையில் தட்டுகள் காலி. வருகிறவர்கள் வெடி கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் ஒரு காலண்டரை எடுத்துத் தாள்களைப் புரட்டி, ஓரிடத்தில் விரலை வைத்துக் காட்டினார். "அடுத்த வருசத் தீவாளி என்னிக்குன்னு செவப்பு மையில போட்டிருக்கீக தம்பி. இந்த வருசத் தீவாளிக்கு நான் எதய விக்க?"

தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கம்ப்யூட்டரை விடாத முதலாளியிடம் வேலை பார்ப்பவர்கள் கையைத் தூக்குங்கள், நான் இரண்டு கையையும் தூக்கியாயிற்று.