கொடி இல்லாமல் உட்கார்ந்தோம்

அந்தமானில் ரங்கத் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. கட்சிக்கு நான் வந்தது அந்தக் கடை வழியாகத்தான். ரவிக்கை தைக்கக் கொடுக்க வரும் பெண்கள் அளவு கொடுத்ததும் கிளம்பிவிட மாட்டார்கள். பென்ஷன் நின்றுபோனது, ரேஷன் கார்டில் மருமகள் பெயர் ஏறாதது, ஆஸ்பத்திரிக்குப் போகக் கப்பல் டிக்கெட் கிடைக்காதது என்று எல்லாவற்றையும் அங்கே உட்கார்ந்துதான் சொல்வார்கள். எனக்கு இந்தி எழுதப் படிக்கத் தெரியும். மனு எழுதிக் கொடுப்பேன், முடிந்தால் கூடவே ஆபீசுக்கும் போவேன். இதைக் கவனித்த எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் ஒரு நாள் கடைக்கு வந்தார். தலைவரை இங்கே எல்லோரும் பிரதான் என்றுதான் சொல்வோம்.

"தங்கச்சி, நீ செய்றது எல்லாமே கட்சி வேலைதான். அதைக் கட்சியில இருந்து செஞ்சா என்ன?" என்று கேட்டார்.

அவருடைய குடும்பம் ராமநாதபுரத்திலிருந்து வந்து இங்கே பாக்குத் தோட்டம் போட்ட குடும்பம். நாங்கள் வேறு வழியில் வந்தவர்கள். என் அப்பாவும் அம்மாவும் இலங்கையில் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தார்கள். இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நிக்கோபார் பக்கம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார்கள். சுனாமிக்குப் பிறகு ரங்கத் பக்கம் வந்து சேர்ந்தோம். எங்கே இறக்கிவிட்டார்களோ அங்கே இறங்கிப் பிழைத்த குடும்பம். ஏன் இங்கே என்று எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணை ஒருவர் தேடி வந்து கட்சிக்குக் கூப்பிட்டது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. பஸ் மெக்கானிக்கான என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "போ. ஆனா யாருக்கும் பயந்துக்கிட்டு போகாத" என்று மட்டும் சொன்னார்.

கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, வாக்காளர் சீட்டு கொடுப்பது, தலைவர்கள் வந்தால் பூங்கொத்து வாங்கி வைப்பது என்று இரண்டு தேர்தல் ஓடியது. பிறகுதான் அந்தக் கோடை வந்தது.

மழை நின்று ஓடை வற்றும் மாதங்களில் எங்களுக்குத் தண்ணீர் கஷ்டம் புதிதல்ல. ஆனால் அந்த வருஷம் ரோடு அகலப்படுத்தும் வேலையில் எங்கள் கிராமத்துக்கு வரும் பெரிய குழாயை உடைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். டேங்கர் லாரி வரும், வராது. வந்தால் குடங்கள் மோதிக்கொள்ளும். பிரதானிடம் போனால் "நாளைக்கு ஆயிடும் தங்கச்சி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. குழாய் ஆபீசில் அவரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாயத்தும் எங்கள் கட்சி, மேலே இருந்தவர்களும் எங்கள் கட்சி. அதனால்தான் அவரால் சத்தம் போட முடியவில்லை என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் தெருவில் மீன் விற்கும் ஒரு வங்காளி அக்கா இருக்கிறார். எல்லோருக்கும் தீதி. எதிர்க்கட்சிக்காரர். அவர் வீட்டுக் கூரையில் அவர்கள் கட்சிக் கொடி வெயிலில் வெளுத்து நிற்கும், தேர்தலுக்குத் தேர்தல் புதுசு கட்டுவார். ஒரு நாள் காலையில் டேங்கர் வராமல் நான் காலிக் குடத்தோடு திரும்பும்போது அவர் என் கடை வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்தார்.

"நான் போய் ஆபீஸ் முன்னாடி உட்கார்ந்தா எதிர்க்கட்சி ஆட்டம்னு சொல்லுவாங்க. நீ உட்கார்ந்தா அப்படிச் சொல்ல முடியாது" என்றார் இந்தியில்.

"என்னைக் கட்சியை விட்டுத் தூக்கிடுவாங்க தீதி."

"தூக்கினா தூக்கட்டும். நான் கொடியை வீட்டுல வச்சுட்டு வர்றேன். நீயும் வச்சுட்டு வா. பெண்களைக் கூப்பிடுவோம்."

எனக்கு யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. அன்று எந்தத் துணியிலும் கத்தரி வைக்கவில்லை. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நேராகப் பிரதான் வீட்டுக்குப் போனேன். அவர் தோட்டத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார், ஒரு சொம்புத் தண்ணீரில்.

"அண்ணே, திங்கக்கிழமை குழாய் ஆபீஸ் முன்னாடி உட்காரப் போறோம். பெண்கள் எல்லாரும். கொடி கிடையாது, உங்க பேரு கிடையாது. உங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னு சொல்ல வந்தேன்."

அவர் முகத்தைத் துடைத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவர் மனைவி வாசல் வரை வந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நடந்து வரும்போது எனக்கு அழுகை வந்தது. என்னைக் கை பிடித்துக் கூட்டிவந்தவருக்கே எதிராகப் போகிறேனே என்று.

திங்கட்கிழமை காலை தீதி மீன் எடுக்கப் போகவில்லை. தெலுங்குக்கார வீடுகளிலிருந்தும், ராஞ்சிக்காரர்கள் வீடுகளிலிருந்தும், மலையாளி வீடுகளிலிருந்தும் பெண்கள் காலிக் குடத்தோடு வந்தார்கள். எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் நான் இவ்வளவு பேரைச் சேர்த்ததில்லை. ஆபீஸ் வாசலை மறிக்காமல் ஓரமாக வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். கோஷம் போட ஆசைப்பட்டவர்களைத் தீதியே அடக்கினார். உள்ளே வேலை பார்த்த பியூன் ஒருவர் யாரும் கேட்காமலே ஒரு வாளி நிறையக் குடிதண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவருக்கும் மேலதிகாரி உண்டு, அவருக்கும் பயம் இருந்திருக்கும்.

மத்தியானம் போர்ட் பிளேரிலிருந்து போன் வந்தது. கட்சி ஆபீஸ் செயலாளர்.

"நீங்க நம்ம கட்சி. பிரதானும் நம்ம கட்சி. யாருக்கு எதிரா உட்கார்ந்திருக்கீங்க?"

"யாருக்கும் எதிரா இல்லை சார். தண்ணி வந்தா எழுந்துடுவோம்."

"உடனே எழுந்திருங்க. இல்லாட்டி நடவடிக்கை எடுக்க வேண்டி வரும்."

போனை வைத்துவிட்டுப் பெண்களைப் பார்த்தேன். என்ன சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. என் முகத்திலேயே தெரிந்திருக்கும். பக்கத்திலிருந்த ஒரு தெலுங்கு அம்மா நகர்ந்து எனக்கு நிழலில் இடம் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன்.

மறுநாளும் போய் உட்கார்ந்தோம். அன்று இன்ஜினியர் வெளியே வந்தார், நாற்காலி கேட்காமல் எங்களோடு தரையில் உட்கார்ந்து பேசினார். குழாய் ஸ்டோரில்தான் இருக்கிறது, இறக்கிப் போட ஆள்தான் இல்லை என்றார். ஆள் நாங்கள் தருகிறோம் என்றோம். என் வீட்டுக்காரரும் பஸ் ஷெட்டில் அவரோடு வேலை பார்ப்பவர்களும் வந்து குழாயை இறக்கிப் பதித்தார்கள். அந்த வாரமே எங்கள் தெருக் குழாயில் முதலில் காற்றும், பிறகு செம்மண் தண்ணீரும், பிறகு நல்ல தண்ணீரும் வந்தது.

தண்ணீர் வந்த சந்தோஷம் அடங்குவதற்குள் எனக்கு அழைப்பு வந்தது. போர்ட் பிளேர் வந்து கட்சித் தலைவியைப் பார்க்க வேண்டும்.

விடியற்காலை பஸ்ஸுக்குத் தீதி வந்து நின்றார். வாழையிலையில் சோறும் பொரித்த மீனும் கட்டிக் கொடுத்தார். "தூக்கிட்டாங்கன்னா எங்க கட்சிக்கு வந்துடு" என்று சிரித்தார். கண்ணில் சிரிப்பில்லை. காட்டு வழியில் வண்டிகளைச் சேர்த்துக் காவலோடு அனுப்பும் கான்வாய் கிளம்பும் வரை காத்திருந்து, உப்பங்கழியில் பஸ்ஸோடு படகில் ஏறி, மறுபடி பஸ் என்று நான் டவுன் போய்ச் சேரும்போது உடம்பு முழுக்கப் புழுதி. அங்கே குட்வில் எஸ்டேட் பகுதியில் இருக்கும் நாத்தனார் வீட்டில் குளித்துப் புடவை மாற்றினேன். வழியெல்லாம் பேச வேண்டியதை இந்தியில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். கட்சி ஆபீஸ் படியேறும்போது ஒரு வார்த்தை மிச்சமில்லை.

தலைவி, வெள்ளைக்காரர்கள் கைதிகளைக் கொண்டுவந்த காலத்திலிருந்தே இந்தத் தீவில் இருக்கும் குடும்பம். மேடையில் மட்டும் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பார்க்கும்போது மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு, சாதாரணமாக, எங்கள் தெருப் பெண் மாதிரி இருந்தார்.

"எதிர்க்கட்சிப் பெண்ணை நீயா கூட்டிவந்தே?"

"அவங்கதான் மேடம் என்னைக் கூட்டிவந்தாங்க."

"பிரதானை ஊர் முன்னாடி அவமானப்படுத்திட்டியா?"

"அவர் வீட்டுக்குப் போய் முன்னாடியே சொன்னேன் மேடம். அவர் பேரை யாரும் எடுக்கலை."

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அவரும் அதையேதான் சொன்னார். நீ உட்கார்ந்த அன்னிக்கே போன் செஞ்சார். இந்தப் பெண்ணைக் கட்சியை விட்டு எடுத்தா நானும் பதவியை விட்டுடறேன்னார்."

அந்த இடத்தில் நான் அழுதேன். அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளினார். ரங்கத் வட்டாரத்துப் பெண்கள் அணிக்குப் பல மாதமாகப் பொறுப்பாளர் இல்லை, நீ பார்த்துக்கொள் என்றார். அடுத்த முறை இங்கேயும் ஒரு போன் பண்ணிவிட்டு உட்கார் என்றும் சொன்னார். அது எச்சரிக்கையா அனுமதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் இரண்டாவதாகவே எடுத்துக்கொண்டேன்.

ஊருக்கு வந்ததும் பிரதான் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். பாக்கு காயப் போட்டிருந்தார். நன்றி சொல்ல ஆரம்பித்தேன், கையை ஆட்டி நிறுத்தினார்.

"எனக்குக் கோபம் இன்னும் போகலை. ஆனா நான் கத்த முடியாத இடத்துல நீ போய் உட்கார்ந்தே. என் வீட்டம்மாவும்தான் குடம் தூக்கிக்கிட்டு இருந்தா. உன்னை நான் எப்படி விட்டுக்கொடுப்பேன்?"

அவர் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்தார். தானும் இரண்டாம் நாள் மரத்தடியில் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்பதை அன்றுதான் சொன்னார். முக்காடு போட்டிருந்ததால் நான் கவனிக்கவில்லை.

அதன் பிறகு பொறுப்பில் நான் செய்ததெல்லாம் பெரிய சாதனைகள் இல்லை. கப்பலில் நோயாளிகளுக்கு இடம் கேட்டு ஜெட்டியில் நிற்பது, அங்கன்வாடிக்குக் கதவு கேட்பது, கூட்டத்தில் ஆண்கள் பேசி முடித்தபின் பெண்களுக்கும் மைக் வாங்கிக் கொடுப்பது. சில காரியம் நடந்தது, சிலது நடக்கவில்லை. நடக்காத நாட்களில் என் வீட்டுக்காரர் சமைத்து வைத்திருப்பார். எதுவும் கேட்க மாட்டார். அதற்கும் நான் அவருக்கு நன்றி சொன்னதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

போன பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சி என்னை வார்டு மெம்பருக்கு நிறுத்தியது. தீதி எனக்கு எதிராகத் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டார், என் கடை வாசலிலும் கேட்டார். நான் ஜெயித்தேன். மறுநாள் காலை கூடையோடு வந்து, தான் எனக்கு ஓட்டுப் போடவில்லை என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். இத்தனை பேரில் அப்படிச் சொன்னவர் அவர் ஒருவர்தான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மீன் மார்க்கெட்டுக்குப் போகும் வழியில் விளக்கு எரியவில்லை, முதல் மனுவாக அதை எழுது என்றார். நான் தைத்துக்கொண்டிருந்த துணியை ஓரமாக வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தேன்.