குழாயில் ஐந்து தட்டு

வெத்தூரியா இருபத்திரண்டு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்து விளக்கறையில் வேலை பார்த்தவள். குழிக்குள் இறங்குகிற ஆளுக்கு நம்பர் பார்த்து விளக்கு கொடுப்பாள், ஏறி வந்ததும் திருப்பி வாங்கிக் கொக்கியில் மாட்டுவாள். கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அந்த விளக்கறை மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் சாபினைப் பார்த்தாள், கட்டிக்கொண்டாள். ஆனால் குழிக்குள் ஒரு நாளும் இறங்கியதில்லை.

சுரங்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். சாபினுக்கு மிஞ்சியது நெஞ்சு நிறையக் கல்தூசி. வெத்தூரியாவுக்கு மிஞ்சியது படிக்கட்டுத் தலைவி என்கிற பட்டம். ஐந்து மாடி, பத்து வீடு, ஒரு படிக்கட்டு. பல்பு எரியவில்லை என்றாலும் வெத்தூரியாக்கா, எவனோ படியில் துப்பிவிட்டான் என்றாலும் வெத்தூரியாக்கா.

அந்தக் கட்டடத்தில் சண்டை போட வாய் தேவையில்லை, குழாய் போதும். வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் மேல்மாடியிலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வீட்டையும் துளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஒருவன் ரேடியோவைச் சத்தமாக வைத்தால் இன்னொருவன் குழாயில் நாலு தட்டுத் தட்டுவான். மூடு வாயை என்று அர்த்தம். ஐந்தாம் மாடியில் தனியாக இருந்த காரோய், இரண்டாம் மாடியில் சாபின் இருமினால்கூடத் தட்டுவான். அவனும் பழைய சுரங்கத்து ஆள்தான், பாறைக்கு வெடி வைத்தவன். "மனுசன் இருமுறதுக்குக்கூட உங்கிட்ட அனுமதிச் சீட்டு வாங்கணுமாடா?" என்று வெத்தூரியா ஒரு நாள் படியில் வைத்துக் கிழித்துவிட்டாள். அதிலிருந்து இரண்டு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை.

ஜனவரி மாதம், திங்கட்கிழமை, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி. ஊருக்கு வெந்நீர் அனுப்பும் கொதிகலன் நின்றுபோனது. மறுநாள் காலையில் சமையலறை ஜன்னலின் உள்பக்கமே பனி பூத்திருந்தது. வெத்தூரியா கேஸ் அடுப்பின் பெட்டிக்குள் செங்கற்களை வைத்துச் சுடவைத்து, துண்டில் சுற்றி, சாபினின் காலடியிலும் விலாவிலும் வைத்தாள். ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது. அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. வீட்டுக்குள் நாலு நாள் குளிர் தங்கினால் இவர் தாங்கமாட்டார் என்று போன மாதமே டாக்டர் சொல்லியிருந்தார்.

மதியம் குழாயில் சத்தம் கேட்டது. ஐந்து தட்டு. கொஞ்சம் நிறுத்தி மறுபடி ஐந்து.

"பாரு, ஊரே வெறைச்சுக் கெடக்கு, இவனுக்கு இன்னும் கொழுப்பு அடங்கல" என்றாள் வெத்தூரியா.

சாபின் போர்வையிலிருந்து தலையை நீட்டினார். "ஏ புள்ள, இது கோவத்துல அடிக்கிற அடி இல்ல. எண்ணி அடிக்கிறான். குழிக்குள்ள பாத்தியன்னா..." இருமல் வந்து பேச்சை முறித்தது. கண் பிதுங்க இருமினார்.

"யோவ், வாய மூடிட்டுப் படு. இருக்கிற மூச்சையும் அவனுக்காகச் செலவழிக்காத."

கறி அடிக்கும் மரச்சுத்தியலை எடுத்து, குழாயில் ஓங்கி இரண்டு போட்டாள். மேலே சத்தம் நின்றது. சாபின் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். அவள் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் திணித்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி ஐந்து தட்டு. இவளும் விடவில்லை, மறுபடி இரண்டு. புதன்கிழமை காலை ஒரே ஒருமுறை கேட்டது, அதுவும் சன்னமாக. அதற்கும் பதில் கொடுத்தாள். அப்புறம் கேட்கவில்லை. அடங்கிட்டான் என்று நினைத்தாள்.

வியாழன் காலை கொதிகலன் மறுபடி ஓடியது. பக்கத்துப் படிக்கட்டு ஜனங்கள் சூடு வந்துவிட்டதென்று ஜன்னலைத் திறந்து கையாட்டினார்கள். இவர்கள் பக்கக் குழாய் மட்டும் பிணமாகக் குளிர்ந்து கிடந்தது. பிளம்பர் தித்து வந்து குழாயைத் தடவிப் பார்த்தான்.

"உள்ள காத்து அடைச்சிருக்குக்கா. மேல கடைசி வீட்டுல குட்டித் திருகு ஒண்ணு இருக்கு. அதத் தெறந்து காத்த வெளிய விட்டாத்தான் தண்ணி ஏறும்."

"கடைசி வீடு காரோயோடது. நான் போனா தெறக்க மாட்டான்."

"உங்க சண்டைய அப்புறம் வச்சுக்கங்க. அண்ணன் மூச்சு வாங்குறது வாசல் வரைக்கும் கேக்குது."

இருவரும் ஏறினார்கள். தித்து தட்டினான். வெத்தூரியா தட்டினாள். "காரோய்! எனக்காக வேணாம், சாபினுக்காகத் தெற!"

"வெளிநாட்டுல இருக்குற மக வீட்டுக்குப் போயிருப்பாரோ?" என்றான் தித்து.

வாசலில் அவனுடைய பனிச்செருப்பு காய்ந்து கிடந்தது. வெத்தூரியா அதைப் பார்த்தாள். "இதப் போடாம பனியில எங்க போவான்? கதவ ஒடச்சிரு" என்றாள். தித்து கம்பியை விட்டு நெம்பினான். பூட்டு பிய்ந்துகொண்டு வந்தது.

உள்ளே ஜன்னல் இடுக்கில் பாதிவரை செய்தித்தாள் திணித்திருந்தது. கீழே ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. காரோய் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தான், ஒரு கால் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. தரை விரிப்பை இழுத்து மேலே போட்டிருந்தான். கையில் இரும்புக் கரண்டி. உயிர் இருந்தது.

வெத்தூரியா மண்டியிட்டுத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள். அவன் கண் திறந்தது.

"நீயா? நீதான பதிலுக்குத் தட்டுனது?"

அவள் கோட்டை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"எனக்குத் தெரியும். சாபின் கேட்டுச் சொல்லியிருப்பான். குழிக்குள்ள அஞ்சு தட்டுனா ஆளு உயிரோட இருக்கான். ரெண்டு வந்தா, கேட்டாச்சு, வர்றோம். அதான் கத்தாம கெடந்தேன். வந்துருவாங்கன்னு."

தித்து வேறு பக்கம் பார்த்தான். ஆம்புலன்ஸுக்குச் சொன்னான். பிறகு கிடந்தவனைத் தாண்டிக் காலை வைத்து, குட்டித் திருகைத் திறந்தான். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. அதன் பின்னால் துருநிறத் தண்ணீர் துப்பியது. ஆம்புலன்ஸ் ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஏறுவதற்குள் ரேடியேட்டர் தொட முடியாத அளவுக்குச் சுட்டது.

அன்று மாலை சாபினின் உதட்டில் நிறம் திரும்பியது. மறுநாள் எழுந்து உட்கார்ந்தார். வெத்தூரியா கோழி போட்டுப் புளிப்பு சூப் வைத்தாள். சனிக்கிழமை அதைத் தூக்குச்சட்டியில் ஊற்றி, துணியால் சுற்றி, ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். அங்கே காரோயின் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். காலை ஆறு மணிக்கு முடிந்துவிட்டது என்றாள் நர்ஸ். "நீங்க சொந்தமா?"

"இல்ல. ஒரே படிக்கட்டு."

வீடு திரும்பியபோது சாபின் ரேடியேட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் சிவப்பு ஏறியிருந்தது.

"எப்படி இருக்கான்?"

"இருக்கான்."

"திட்டுனானா?"

"திட்டாம இருப்பானா? ஆஸ்பத்திரி சூப்பு வெறும் தண்ணியாம். என் சூப்புல புளிப்பு பத்தலைன்னான்."

சாபின் சிரித்தார். இருமல் வரவில்லை. "கால் சரியாகி வரட்டும். நானே மேல ஏறிப் போய்ப் பேசுறேன்."

அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தூக்குச்சட்டியில் இருந்த சூப்பைச் சிந்தாமல் பானையில் ஊற்றினாள். சாயங்காலம் அதையே சுடவைத்துச் சாபினுக்குக் கொடுத்தாள். அவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "புளிப்பு சரியாத்தான இருக்கு" என்றார்.