பதினோரு காளைகளும் ஒரு கழுகும்

சுமத்ராவில் பாலிகேயிலிருந்து மேடானுக்கு ஓடும் பதினோரு வேன்கள் ஜாஹோத் மனுருங்குக்குச் சொந்தம். பதினொன்றும் காளை முத்திரை போட்ட ஒரே கம்பெனி வண்டிகள். காளை நல்ல வண்டி என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. மாதம் ஒருமுறையாவது ஏதோ ஒன்று வழியில் நிற்கும். ஆனால் பராபாத் மலை வளைவுகளில் எங்கே நின்றாலும், பின்னால் வரும் இன்னொரு காளையின் ஓட்டுநர் இறங்கி, சீட்டுக்கடியில் கிடக்கும் பெல்ட்டையோ பம்பையோ எடுத்து மாட்டிவிடுவார். ஒரு மணி நேரத்தில் வண்டி நகரும். இருபத்தாறு வருடமாக ஜாஹோத் நம்பியது அந்த ஒரு மணி நேரத்தைத்தான்.

பன்னிரண்டாவது வண்டி வாங்கப்போன சமயத்தில் அவர் மனைவி ரோசிந்தாவின் தம்பி பின்சார், கழுகு முத்திரை போட்ட வேறு கம்பெனி வண்டிகளை விற்கும் முகவராகியிருந்தார். வயதில் இளையவரானாலும் பெண் கொடுத்த வீட்டுக்காரர். அந்த வீட்டார் வாய்திறந்து கேட்டதைப் அவர்களுடைய படாக் இனத்தார் மறுப்பதில்லை. ஜாஹோத் கழுகு வாங்கினார்.

பதினான்கு மாதம் அது எங்கும் நிற்கவில்லை. ஓட்டுநர்கள் அதற்குப் போட்டி போட்டார்கள். திறந்து பார்க்க வேலையே வராததால், உள்ளே எஞ்சின் இருக்கிறதா என்று மெக்கானிக் சஹாலா கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் வெறும் பிடிவாதம்தானோ என்று ஜாஹோத்துக்கே தோன்றியது.

பதினைந்தாம் மாதம் சியந்தார் ஊரைத் தாண்டி நின்றது. பின்னால் வந்த இரண்டு காளைகளின் ஓட்டுநர்களும் இறங்கிப் பார்த்தார்கள். அவர்களிடம் இருந்த எதுவும் அதில் பொருந்தவில்லை. ஆட்களைப் பிரித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஜகார்த்தாவிலிருந்து சாமான் வரும்வரை, பதினோரு நாள், கழுகு ஒரு பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றது.

அந்த வாரமே பின்சார் சொல்லியனுப்பினார்: அடுத்த இரண்டும் கழுகாகவே இருக்கட்டும், மூன்றானால் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருக்கும்.

பெண் கொடுத்தவரிடம் குறை சொல்ல முடியாது. கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆலய வழிபாடு முடிந்ததும் ஜாஹோத்தும் ரோசிந்தாவும் பன்றியிறைச்சி சமைத்து, முறைப்படி தலையோடு ஒரு தாம்பாளத்தில் எடுத்துக்கொண்டு பின்சார் வீட்டுக்குப் போனார்கள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஜாஹோத் பேச்சை எடுத்தார்.

"மச்சான், கழுகு உசந்த வண்டிதான். எங்க ஆளுங்க கைக்குத்தான் அது பழகல. அடுத்த ரெண்டும் காளையா எடுக்க நீங்க மனசு வைக்கணும்."

பின்சார் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"அப்ப என் வண்டி ஓடாதுங்கறீங்க."

"ஓடும் மச்சான். படுத்தாத்தான் எழுப்ப ஆளில்ல."

ரோசிந்தா தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டுதலோடு வந்த இறைச்சியைச் சாப்பிட்டாகிவிட்டது. இனி பின்சாராலும் மறுக்க முடியாது. அவர் எழுந்து ஒரு பிடி அரிசி எடுத்து ஜாஹோத்தின் தலையில் வைத்தார். உங்கள் வண்டிகள் பெருகட்டும், நீங்கள் விரும்பியபடியே எடுங்கள் என்று ஆசி சொன்னார். பிறகு அவர்களை வாசல்வரை வழியனுப்பச் செருப்பைத் தேடியபடி கேட்டார்.

"நாளைக்கு மேடான் ஆபீசுல எனக்கு மீட்டிங் மாப்ள. அஞ்சு மணிக்குக் கிளம்பறது எந்த வண்டி?"

"காளை."

"அப்ப முன் சீட்டுல ஒரு இடம் போட்டு வைங்க."