மொட்டைமாடியில் ஒரு கூடாரம்

ஆனைமலைக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். போகும் வழியில் திண்டுக்கல்லில் இறங்கி, தார்ப்பாய்க் கடையில் தைக்கச் சொல்லியிருந்த கூடாரத்தை வாங்க நிற்கிறோம். யானைக்குப் பயந்து, "நான் வரலை, நீங்க மட்டும் போங்க" என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்த என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள்.

விஷயத்தைக் கேட்ட கடைக்கார அம்மா மொட்டைமாடியில் கூடாரத்தைக் கட்டிக் காட்டுகிறார். "செத்த நேரம் உள்ள படுத்துப் பாரு தாயி. புடிக்கலைன்னா ஊருக்குத் திரும்பிப் போயிரு."

தயங்கித் தயங்கி நுழைகிறாள். பச்சைத் துணி வழியே இறங்கும் வெயிலில் உள்ளே எல்லாம் குளத்து நீர்போல அசைகிறது. சிறுமலைப் பக்கமிருந்து வரும் காற்றில் கூடாரம் மெல்ல உப்பி அடங்குகிறது. குனிந்து பார்க்கிறேன். தூங்கிவிட்டாள்.

பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நேரமாகிறது. தோளைத் தொட்டு எழுப்புகிறேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்கிறாள்: "காட்டுக்கு வந்துட்டமா?"