பணகுடி ரோட்டில் நான் தலையாட்டியது

ஆடி முடியும் நாள்களில் வள்ளியூர்க் காற்று மணலை வாரிக் கெண்டைக்காலில் அறையும். பணகுடிப் பக்கம் சைக்கிளில் போனால் வலப்பக்கத்திலிருந்து ஆளையே ரோட்டைவிட்டுத் தள்ளும். அந்தக் காற்றை ஏமாற்ற எனக்கும் அண்ணன் செல்வினுக்கும் வழி காட்டியவர் ஒரு கனடாக்காரர். இத்தாலியில் மூன்று வாரம் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயத்தை அந்த வருடம் அவர்தான் வென்றார். அண்ணன் வேலை பார்த்த 'பிரவுசிங் சென்டரில்' அதன் மலைப்பாதைக் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்து, பதின்மூன்று வயதில் நான் நோட்டில் வரிசைபோட்டு எழுதினேன்: ஒன்று, காற்றை முன்னால் போகிறவன் வாங்கட்டும், இரண்டு, காற்று வலப்பக்கம் வந்தால் அவனுக்கு இடப்பக்கம் ஒண்டு, மூன்று, சக்கரம் உரசினால் விழுகிறவன் பின்னால் வருகிறவன்தான்.

சுதந்திர தினத்தன்று வள்ளியூரிலிருந்து பணகுடிக்கு ரேஸ். வருடாவருடம் ஜெயிப்பவர் பக்கத்து ஊர்க் குமார். அண்ணன் அவர் நிழலிலேயே ஒண்டிக்கொண்டு வருவதை அப்பாவின் 'டிவிஎஸ்'ஸில் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போனேன். எங்கள் பக்கத்தில் அப்படி வருவதைக் கோழைத்தனம் என்பார்கள்.

"ஏலே செல்வின், முதுகுக்குப் பின்னால என்னலே ஒளியுத? முன்னால வா, காத்து ஒன்னையும் கொஞ்சட்டும்" என்றார் குமார், திரும்பிப் பார்க்காமலே.

எல்லைக்கோடு தெரிந்தபோது அண்ணன் லேசாகப் பின்தங்கினான். "ஒட்டு, இன்னும் ஒட்டு" என்று கத்தியவள் நான். அவனுடைய முன்சக்கரம் குமாரின் பின்சக்கரத்தில் உரசியது. குமார் நேராகத்தான் போனார். அண்ணன் முகம் தாரில் தேய விழுந்து, பல் உடைந்து, ரத்தமும் மணலுமாகக் கிடந்தான். கோட்டைத் தாண்டிய குமார் சைக்கிளைப் போட்டுவிட்டு அவனைத் தூக்கத்தான் ஓடிவந்தார்.

அப்பா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏட்டி, நீதான பாத்துக்கிட்டே வந்தே. அவன்தான குறுக்க வெட்டுனான்?"

நான் தலையாட்டினேன்.

முதல் அடி அப்பாவுடையது, காற்றடிக்கும் பம்பால், குமாரின் வாயில். பிறகு எங்கள் தெருக்காரர்கள் அவரைக் கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவர் சைக்கிள் செயினைச் சுழற்றினார். "போதும்வே, கை போச்சு" என்று யாரோ சொன்ன பிறகும் மிதித்தார்கள். இடது மணிக்கட்டு தொங்க, குமார் அப்பாவிடம் கெஞ்சினார்: "அண்ணாச்சி, அந்தப் பிள்ளைய கேளுங்க. அது பாத்துச்சு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ரேஸ் அத்தோடு நின்றது. கோப்பையை யாருக்கும் கொடுக்கவில்லை. பிரவுசிங் சென்டர் போய்விட்டது, ரோட்டோரப் புளியமரங்கள் போய்விட்டன, அப்பாவும் இல்லை. அண்ணனிடம் உண்மையைச் சொன்னதற்கு, அதெல்லாம் பழைய கதை என்றான். காற்றாலைப் பராமரிப்பில் பொறியாளராக ஊர் திரும்பியிருக்கும் நான், போன வாரம் குமாரின் பழக்கடைக்குப் போய், இதுவரை எழுதியதை வாசித்துக்காட்டினேன். அவர் மடங்காத இடக்கையால் தராசுத் தட்டை அணைத்தபடி கடைசிவரை கேட்டார்.

"எல்லாம் சரிதான், தாயி. அன்னைக்கு ஜெயிச்சது யாருன்னு ஒரு எடத்துலயும் எழுதலையே."

குமார்தான் ஜெயித்தார்.